ஏரிக்கு ஏற்ற பரிசல்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தை பிறக்கும் வேளையில், ராணிப்பேட்டைப் பகுதியின் ஏரிக் கரைகளில் இரண்டு கூட்டத்தாரைக் காணலாம். ஒரு கூட்டத்தார் மதகின் அளவுக் கல்லைப் பார்த்து, நவரைப் பட்டத்துக்கு எத்தனை நனைப்புத் தண்ணீர் கிடைக்கும் என்று கணக்கிடும் பயிரிடுவோர். மற்றொரு கூட்டத்தார் நீர்ப்பரப்பைப் பார்த்து, கெண்டை எங்கே மேய்கிறது என்று மனத்துக்குள் குறித்துக்கொள்ளும் மீன்பிடிப்போர். இரு கூட்டத்தாருக்கும் ஏரி ஒன்றுதான். அந்த ஏரியில் இறங்குவதற்கு எத்தகைய படகு ஏற்றது என்பதே இம்மாதம் நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

இது சிறிய பொருளாகத் தோன்றலாம். ஆனால் சங்கத்தின் பணத்தைக் கொண்டு வாங்கும் படகு தவறாக அமைந்துவிட்டால் இரண்டு நஷ்டங்கள் நேரும். பணம் போவது ஒன்று. அதை மறு ஆண்டு ஈட்டிக்கொள்ளலாம். மனித உயிர் போவது மற்றொன்று. அதை எந்தச் சங்கமும் ஈட்டித் தர இயலாது. "ஆழம் அறியாமல் காலை விடாதே" என்ற பழமொழி கரையில் நிற்பவனுக்கு மட்டும் அன்று. படகு வாங்கத் தீர்மானம் எழுதும் நிர்வாகக் குழுவினருக்கும் பொருந்தும்.

முதலில் ஏரியை அறிவோம்

படகைத் தேர்ந்தெடுப்பது படகுக் கடையில் தொடங்குவதன்று. ஏரிக் கரையில் தொடங்குவது. நம் மாவட்டத்தின் பெரிய ஏரியாகிய காவேரிப்பாக்கம் ஏரியையே எடுத்துக்கொள்வோம். பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில் அமைந்ததாகக் கூறப்படும் இந்த ஏரி நிறைந்தால், சற்றேறக்குறைய 4,000 ஏக்கர் பரப்பில் நீர் விரியும். கரையின் நீளம் மட்டும் சுமார் 8 கிலோமீட்டர். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பாலாற்றின் குறுக்கே வாலாஜாவுக்கு அருகில் கட்டப்பட்ட அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாக இதற்கு நீர் வருகிறது. நெமிலி வட்டத்து மகேந்திரவாடி ஏரியோ இதனினும் பழமையானது. அங்குள்ள குடைவரைக் கோயிலின் கல்வெட்டு, 7ஆம் நூற்றாண்டின் மகேந்திரவர்மப் பல்லவன் பெயரால் அமைந்த ஏரியைக் குறிப்பிடுகிறது.

இவை யாவும் கடலும் அல்ல, ஆறும் அல்ல. அலையும் இழுப்பும் இல்லாத அமைதியான நீர்நிலைகள். ஆயினும் அந்த அமைதிக்குள் மூன்று இயல்புகள் உள்ளன. அவற்றை அறியாதவன் படகு வாங்கக் கூடாது.

முதலாவது, ஆழமின்மை. கரையை ஒட்டியும் மதகை ஒட்டியும் ஆழம் இருக்கும். நீர் வந்து சேரும் பக்கமோ முழங்கால் அளவு, இடுப்பளவு நீராகவே நெடுந்தூரம் பரந்து கிடக்கும். அந்த மேட்டு நீரிலேதான் மீன் மேயும். ஆகவே படகு மிகக் குறைந்த நீரில் மிதக்க வேண்டும்.

இரண்டாவது, அடியில் மறைந்துள்ளவை. வறண்ட ஆண்டுகளில் ஏரிக்குள் வேலிக்காத்தான் முளைக்கிறது. நீர் வந்ததும் அதன் முள்ளும் கட்டையும் மூழ்கிவிடுகின்றன. சில இடங்களில் ஆகாயத் தாமரை பாய் விரித்ததுபோல் மூடிக்கொள்கிறது. படகின் அடிப்பாகம் இவற்றின் மீது வழுக்கிச் செல்ல வேண்டுமேயன்றிக் குத்திக்கொண்டு நிற்கலாகாது.

மூன்றாவது, நீர் எப்போதும் இருப்பதில்லை. நம் ஏரிகளில் பல, ஆண்டில் பாதி நாள் வறண்டே கிடக்கும். இந்த ஒரு செய்தியைப் பலர் மறந்துவிடுகின்றனர். காவேரிப்பாக்கத்துக் கரையில் நாம் கண்ட வயது முதிர்ந்த மீனவர் ஒருவர், இதை நமக்கு ஒரே வாக்கியத்தில் உணர்த்தினார்: "ஐயா, படகு நம்மைச் சுமப்பது பாதி நாள், நாம் படகைச் சுமப்பது பாதி நாள். இரண்டுக்கும் சரியாக இருப்பதைப் பார்த்து வாங்குங்கள்." நாம் படித்தறிந்தவற்றையெல்லாம் விட இந்த ஒரு சொல்லே நமக்குப் பெரிதும் பயன்பட்டது.

பரிசலின் பரம்பரை

அமைதியான நீருக்கும் எளிதில் தூக்கிச் செல்வதற்கும் ஏற்ற கலம் ஒன்றை நம் முன்னோர் என்றோ கண்டுபிடித்துவிட்டனர். அதுவே பரிசல். மூங்கிலைப் பிளந்து, சிம்புகளை வட்டமாகப் பரப்பிப் பின்னி, விளிம்பில் தடித்த வளையம் கட்டி, வெளிப்புறம் நீர் புகாத உறை போர்த்தினால் பரிசல் ஆயிற்று. நம் நெசவாள அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாவும் ஊடும் போலவே, ஒரு சிம்பு மேலும் மறு சிம்பு கீழுமாகச் செல்லும் பின்னலே அதன் வலிமை. ஆணி இல்லை, இரும்பு இல்லை. ஓரிடத்தில் கட்டை இடித்தால் அந்த இடி பின்னல் முழுவதும் பரவித் தணிகிறது.

இன்று ஒகேனக்கல்லில் பயணிகளை ஏற்றிச் செல்லும் பரிசல்களின் அடியில் தாரும் பிளாஸ்டிக் விரிப்பும் இருப்பதைக் காண்கிறோம். முற்காலத்தில் அந்த இடத்தில் தோலே இருந்தது. 1520ஆம் ஆண்டை ஒட்டி விஜயநகரத்துக்கு வந்த போர்ச்சுகீசியரான தோமிங்கோ பயஸ், ஆனைகுந்திக்கு அருகில் ஆற்றைக் கடக்கப் பயன்பட்ட கூடைபோன்ற வட்டப் படகுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். அவை உள்ளே பிரம்பும் வெளியே தோலுமாக இருந்தன என்றும், பதினைந்து இருபது பேரையும் தேவையானால் குதிரை, மாடுகளையும் சுமந்தன என்றும் கூறுகிறார். தோல் தொழிலுக்குப் பெயர் பெற்ற ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி மக்களாகிய நமக்கு இச்செய்தி தனி உவகை தருவது. காலுக்குச் செருப்பாகும் தோல், ஒரு காலத்தில் ஆற்றுக்குப் படகாகவும் இருந்தது.

இப்பழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஈராக் நாட்டின் டைகிரிஸ் ஆற்றில் 'குஃபா' என்னும் வட்டக் கலம், வெளியே கீல் பூசப்பெற்று, நெடுங்காலம் ஓடியது. வேல்ஸ் நாட்டின் டெய்வி ஆற்றில் ஒருவர் மட்டும் அமரும் சிறு பரிசலை மீனவர் முதுகில் ஆமை ஓடுபோல் கவிழ்த்துச் சுமந்து செல்வர்; இரண்டு பரிசல்களுக்கிடையே வலையைப் பிடித்து ஆற்றோடு மிதந்து வருவர். சென்னை மாகாணத்து மீன்வளத் துறையின் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இந்த நாடுகளின் பரிசல்களையெல்லாம் ஒப்பிட்டு விரிவாக எழுதியவர். ஒருவரையொருவர் பாராத மக்கள், ஒரே வகையான நீருக்கு ஒரே வகையான விடையைக் கண்டிருக்கின்றனர். எளிய கருவி ஒன்றின் பெருமைக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

கரையில் உள்ள கலங்கள்

இன்று ஒரு சங்கத்தின் முன் ஐந்து வகைக் கலங்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றின் குணத்தையும் குற்றத்தையும் ஒளிக்காமல் கூறுவோம்.

லாரி டியூபும் தெர்மாக்கோல் மிதவையும் முதல் வகை. விலை மலிவு, தனி ஒருவன் தோளில் மாட்டிக்கொண்டு போகலாம். ஆனால் வேலிக்காத்தான் முள் ஒன்று போதும், டியூபின் ஆயுள் முடிய. தெர்மாக்கோல் உடைந்து உடைந்து மணிமணியாக ஏரியெங்கும் மிதக்கும். அதை மீனும் உண்ணும். இரண்டுக்கும் விளிம்பு இல்லை. வலையை இழுக்கும்போது கால் சிக்கினால் பற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை. வறுமையின் காரணமாகத் தனி மனிதர் இவற்றை நாடுவதை நாம் குறை கூறவில்லை. அந்த வறுமையினின்று அவரை விடுவிப்பதற்கே சங்கம் இருக்கிறது. ஆகவே சங்கம் இவற்றை வாங்கலாகாது.

பலகைப் படகு இரண்டாம் வகை. உறுதியானது, நின்று வலை வீசலாம். ஆனால் கனம் அதிகம். அதைவிடப் பெரிய குறை, ஏரி வறண்ட மாதங்களில் வெயிலில் கிடந்து பலகை சுருங்கி, மூட்டுகள் வாய் பிளந்துவிடும். அடுத்த மழைக்குத் தச்சரை அழைத்து இடுக்குகளை அடைத்த பிறகே நீரில் இறக்க இயலும். ஆண்டு முழுவதும் நீர் நிற்கும் நீர்த்தேக்கத்துக்கு இது ஏற்கும்; நம் ஏரிகளுக்கு ஏற்காது.

மூங்கில் பரிசல் மூன்றாம் வகை. நான்கு விரல் ஆழ நீரிலும் மிதக்கும். கட்டை மீது வழுக்கும். உறை கிழிந்தால் அந்த இடத்திலேயே ஒட்டுப் போட்டுத் தார் பூசலாம். நீர் நிறைந்துவிட்டாலும் மூங்கில் மூழ்காது, பற்றிக்கொள்ளலாம். குற்றங்களும் உண்டு. மூங்கில் நீரைக் குடித்து நாளாக ஆக கனக்கும். கரையில் தரையோடு கிடத்தினால் கரையான் அரிக்கும். உள்ளே சிம்பு பிசிறினால் நைலான் வலையின் கண்கள் அதில் மாட்டிக் கிழியும். உறையை அடிக்கடி மாற்ற வேண்டும்.

கண்ணாடி இழைப் பரிசல் நான்காம் வகை. வடிவம் பழைய பரிசலே. பொருள் மட்டும் புதிது. கண்ணாடி இழை விரிப்பைப் பிசினில் தோய்த்து அச்சில் வார்த்துச் செய்வர். நீரை உறிஞ்சாது, கரையான் அணுகாது, உட்புறம் வழுவழுப்பாக இருப்பதால் வலை சிக்காது. பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் அன்பர்கள் ஒன்றை நன்கு மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்: கண்ணாடி இழை நீரைவிடக் கனமான பொருள். பரிசல் காலியாக இருக்கும்வரை மிதக்கும். உள்ளே நீர் நிறைந்தால் கல்லைப் போல் அடியில் போய்விடும். எனவே விளிம்பிலோ அடித்தட்டிலோ நுரையால் நிரப்பிய காற்றறை உள்ளதை மட்டுமே வாங்க வேண்டும். உடைந்தால் பிசின் கலக்கத் தெரிந்தவர் வர வேண்டும் என்பதும் ஒரு சங்கடமே.

கண்ணாடி இழையாலான நீண்ட ஓடம் ஐந்தாம் வகை. 1957இல் தொடங்கப்பட்டுக் கொச்சியில் இயங்கிவரும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், உள்நாட்டு நீர்நிலைகளுக்கான கண்ணாடி இழைப் படகுகளை வடிவமைத்துப் பரப்பியிருக்கிறது. ஓடம் நேராகச் செல்லும், துடுப்பு உழைப்பு குறைவு, நெடுந்தூரத்துக்கு உகந்தது. ஆனால் பக்கவாட்டில் ஆட்டம் மிகுதி. பழக்கமில்லாதவர் எழுந்து நின்றால் கவிழும். காவேரிப்பாக்கம் போன்ற பேரேரியில், பிடித்த மீனைக் கரை சேர்க்க ஓர் ஓடம் வைத்துக்கொள்ளலாம். நூறு, இருநூறு ஏக்கர் ஏரிக்கு அது தேவையற்ற செலவு.

ஒரு சிறு கணக்கு

எவ்வளவு பெரிய பரிசல் வேண்டும்? கண்ணால் பார்த்துக் கூறுவதைவிடக் கணக்கால் கூறுவதே சிக்கனம். ஒரு லிட்டர் நீரை விலக்கினால் ஒரு கிலோ எடை மிதக்கும். இந்த ஒரு விதியே போதும்.

பரிசலின் அடித்தட்டு 1.8 மீட்டர் குறுக்களவு உடையது என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஏறத்தாழ 6 அடி. அதன் பரப்பு சுமார் 2.5 சதுர மீட்டர். ஆகவே பரிசல் நீரில் ஒரு சென்டிமீட்டர் அமிழும்போது சுமார் 25 லிட்டர் நீரை விலக்கும். 25 கிலோவைத் தாங்கும். இப்போது சுமையைக் கூட்டுவோம். இரண்டு ஆட்கள் 130 கிலோ, ஈர வலையும் துடுப்பும் 20 கிலோ, மீன் 50 கிலோ, பரிசலின் சொந்த எடை 50 கிலோ. மொத்தம் 250 கிலோ. 25ஆல் வகுத்தால் 10 சென்டிமீட்டர். அதாவது அரை அடிக்கும் குறைவாகவே அமிழும். பரிசலின் உயரம் 60 சென்டிமீட்டர் என்றால், நீருக்கு மேலே 50 சென்டிமீட்டர் சுவர் நிற்கும். ஆட்கள் ஒரு பக்கம் சாய்ந்து வலை இழுக்கும்போது அந்தப் பக்கம் தாழும். காற்றடித்தால் சிற்றலை எழும். இரண்டுக்கும் இடம் உண்டு.

குறுக்களவைக் குறைத்தால் என்னவாகும்? அடித்தட்டு 1.2 மீட்டரானால் பரப்பு 1.13 சதுர மீட்டர்தான். அதே 250 கிலோவுக்கு 22 சென்டிமீட்டர் அமிழும். குறுக்களவு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததற்கு, அமிழ்வு இரு மடங்குக்கு மேல் கூடிவிட்டது. மலிவாகக் கிடைக்கிறதென்று சிறிய பரிசலை வாங்கி அதில் இருவரை ஏற்றுவோர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். ஒருவர் மட்டும் செல்வதாயின் சிறியது போதும். இருவர் செல்ல வேண்டுமாயின் அடித்தட்டு 6 அடிக்குக் குறையலாகாது. 8 அடிக்கு மேற்பட்டது பயணிகளை ஏற்ற உதவுமேயன்றி மீன் பிடிக்க உதவாது. காற்று அதைப் பந்துபோல் தள்ளிக்கொண்டு போகும்.

வாங்கும்போது செய்யும் சோதனைகள்

பணம் கொடுக்குமுன் செய்ய வேண்டிய சோதனைகள் சில உண்டு. விற்பவர் இவற்றுக்கு இணங்காவிடில் அவரிடம் வாங்காதிருப்பதே நன்று.

தூக்கும் சோதனை: சங்கத்தின் மீனவ அங்கத்தினர் இருவர் பரிசலைத் தூக்கிக்கொண்டு கரை ஏறி இறங்கட்டும். நடுவில் கீழே வைக்காமல் நூறு அடி செல்ல இயலாவிட்டால் அது நமக்குரிய பரிசல் அன்று.

சாயும் சோதனை: இடுப்பளவு நீரில், இருவரும் ஒரே பக்க விளிம்பை ஒட்டி அமர்ந்து, வலை இழுப்பதுபோல் குனியட்டும். விளிம்புக்கும் நீருக்கும் இடையே ஒரு சாண் எஞ்ச வேண்டும்.

நிரப்பும் சோதனை: முழங்காலளவு நீரில் பரிசலுக்குள் நீரை ஊற்றி நிரப்புக. மிதந்தால் வாங்கலாம். அடியில் அமர்ந்தால் காற்றறை இல்லை என்றே பொருள். இச்சோதனை ஒன்றே ஓர் உயிரைக் காக்கக் கூடியது.

கண் சோதனை: மூங்கிலாயின், முற்றிய மூங்கிலா என்று பார்க்க வேண்டும். இளமூங்கிலில் மாவுச்சத்து மிகுதியாதலால் வண்டு துளைக்கும். சிம்பின் அருகே மாவுபோல் தூள் உதிர்ந்திருந்தால் அது துளைப்பின் அடையாளம். கண்ணாடி இழையாயின், வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்து, காற்றுக் குமிழும் பிசின் படாத இழையும் உள்ளனவா என்று நோக்க வேண்டும். நாணயத்தால் தட்டிக்கொண்டே வந்தால், ஒலி திடீரென்று மந்தமாகும் இடத்தில் அடுக்கு ஒட்டவில்லை என்று அறியலாம்.

செலவும் பராமரிப்பும்

மூங்கிலா, கண்ணாடி இழையா என்ற கேள்விக்கு விலைச்சீட்டு விடை கூறாது. ஆயுளே விடை கூறும். கணக்கு முறையை விளக்குவதற்காக மட்டும் ஓர் எடுத்துக்காட்டு. ஒரு பரிசல் 4,000 ரூபாய். 2 ஆண்டு உழைக்கும். மற்றொன்று 16,000 ரூபாய். 8 ஆண்டு உழைக்கும். இரண்டுக்கும் ஆண்டுச் செலவு 2,000 ரூபாய்தான். அதன் மேல் உறை மாற்றும் செலவையும், பழுது பார்க்க ஆள் வரும் செலவையும், பரிசல் ஓடாத நாட்களின் இழப்பையும் கூட்டிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். பின்னத் தெரிந்தவர் ஊரிலேயே இருந்தால் மூங்கில் வெல்லும். இல்லாத ஊரில் கண்ணாடி இழையே வெல்லும். எங்கும் ஒரே விடை என்று கூறுவோர் விற்பனையாளராகவே இருப்பர்.

அரசின் உதவியையும் விசாரித்தறிவது நன்று. 2020இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பத யோஜனாவில், தனிப் பயனாளிகளுக்கான திட்டங்களுக்குப் பொதுப் பிரிவினர்க்கு 40 விழுக்காடும், பெண்கள், ஆதி திராவிடர், பழங்குடியினர்க்கு 60 விழுக்காடும் அரசு உதவியாக வகுக்கப்பட்டது. இவ்வாறான உதவி எந்த ஆண்டில், எந்தப் பொருளுக்குக் கிடைக்கும் என்பதை மாவட்ட மீன்வள அலுவலகத்தில் நேரில் கேட்டறிந்து, அதன் பின்னரே தீர்மானம் எழுதுக.

பராமரிப்புக்குப் பெரிய சாத்திரம் இல்லை. வேலை முடிந்ததும் கரையேற்றிக் கவிழ்த்து வைக்க வேண்டும். தரையில் அன்று, இரண்டு கற்களின் மீது. மூங்கிலுக்கு அது கரையானிலிருந்து காப்பு. கண்ணாடி இழைக்கு நிழல் வேண்டும். இடைவிடாத வெயில் அதன் மேற்பூச்சை வெளிறச் செய்து இழையை வெளிப்படுத்தும். தோல் போர்த்திய அக்காலத்திலும் நாள்தோறும் பரிசலைக் கரையேற்றி உலர்த்தினர். இல்லாவிடில் தோல் ஊறி அழுகும். பொருள் மாறினாலும் ஒழுக்கம் மாறவில்லை.

உயிர்க் காப்பு

உயிர்காப்புச் சட்டையைப் பரிசலின் ஓர் அங்கமாகவே கருத வேண்டும். பரிசலுக்கு விலை எழுதும்போதே இரண்டு சட்டைகளின் விலையையும் சேர்த்து எழுதுக. "எனக்கு நீச்சல் தெரியும், தம்பி" என்று கூறிச் சட்டையை மறுக்கும் பெரியவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருப்பர். அவர்களிடம் பணிவுடன் ஒன்று கூறலாம்: நீச்சல் தெரிந்தவரையும் வலை தெரியாதவராக்கிவிடும். காலில் சுற்றிய தங்கூசி வலைக்கு நீச்சற்காரர், நீந்தாதவர் என்ற பேதம் இல்லை. அதனால்தான் இடுப்பில் ஒரு சிறு கத்தியும் இருக்க வேண்டும் என்கிறோம்.

காற்றையும் மதிக்க வேண்டும். பரிசலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. காற்று தள்ளிய பக்கமே அதன் முன்பக்கம். ஆகவே விடியலில், காற்று எழுமுன், காற்று வரும் திசை நோக்கிச் சென்று, வெயில் ஏறியதும் காற்றோடு திரும்புவதே அறிவுடைமை. நீர் திறந்துள்ள மதகின் அருகிலும், நீர் வழியும் கலிங்கின் அருகிலும் எக்காரணம் கொண்டும் செல்லலாகாது. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்ததையும், 1903இன் வெள்ளம் வாணியம்பாடியை அழித்ததையும் நம் பகுதி மறக்கவில்லை. அமைதியான ஏரி என்பது கலிங்கு வழியாத நாளைக்கு மட்டும் உரிய பெயர்.

நீரும் நெருக்கமும்

படகு நன்றாக அமைந்தாலும் நீர் நன்றாக இருக்க வேண்டுமே! தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றுப் படுகையில் விளைத்த கேட்டை நாம் மூடி மறைக்க இயலாது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தொழில், குரோமிய உப்புக்கு மாறிய பின் கழிவின் தன்மையும் மாறிற்று. 1996இல் வேலூர் மக்கள் நல மன்றத்தின் வழக்கிலும், மறுபடியும் 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் இதில் தீர்ப்பு வழங்க நேர்ந்தது. இத்தொழிலால் வாழும் குடும்பங்கள் நம் சங்கங்களிலேயே உண்டு; அவர்களை நாம் பழிக்கவில்லை. ஆனால் ஆலைகளுக்கு அருகிலுள்ள ஏரியில் மீன் குஞ்சு விடுமுன்னும் படகு வாங்குமுன்னும் நீரையும் வண்டலையும் சோதனைக்கு அனுப்புவது சங்கத்தின் கடமை. விற்கும் மீனைப் பிறர் குழந்தைகள் உண்கின்றனர் என்ற நினைவு நமக்கு வேண்டும்.

மற்றொரு நெருக்கமும் உண்டு. பங்குனி, சித்திரையில் ஏரி நீர் வற்றும்போது, கடைசி நனைப்புக்கு மதகைத் திறக்க வேண்டும் என்று ஆயக்கட்டுக்காரர் கேட்பர். கட்லாவும் ரோகுவும் எடை ஏற இன்னும் சில வாரம் நீர் நிற்கட்டும் என்று மீன் குத்தகை எடுத்தோர் கேட்பர். இருவரும் கேட்பது நியாயமே. இங்கேதான் இலேசான பரிசல் எதிர்பாராத ஓர் உதவியைச் செய்கிறது. ஒரு முழ நீரிலும் அது ஓடுமாதலால், நீர் இறங்க இறங்கப் பெருமீனைப் பகுதி பகுதியாகப் பிடித்துக்கொண்டே வரலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடித்துக் குறைந்த விலைக்குத் தள்ள வேண்டுவதில்லை. ஆழ்ந்து அமிழும் கனமான படகு உடையவரே நீருக்காகச் சண்டையிட நேரும். மதகு திறக்கும் நாட்களை மார்கழியிலேயே இரு தரப்பாரும் ஒரே கூட்டத்தில் எழுதி வைத்துக்கொண்டால், சித்திரையில் வாய்ச்சண்டைக்கு இடமில்லை.

சங்கம் செய்ய வேண்டுவன

முதலாண்டில் ஒரே ஒரு பரிசல் வாங்குக. அதைத் தேர்ந்தெடுக்கும் குழுவில், அதில் ஏறப்போகும் மீனவர் இருவர் கட்டாயம் இருக்க வேண்டும். நாற்காலியில் அமர்வோர் மட்டும் தேர்ந்தெடுக்கும் படகு நாற்காலிக்கே பொருந்தும். பரிசலுக்கு எண் எழுதி, ஒரு குறிப்பேடு வைத்து, எடுத்தவர் பெயர், நேரம், பிடித்த மீனின் எடை, கண்ட பழுது ஆகியவற்றை அன்றன்றே எழுதுக. மீன் விற்ற பணத்திலிருந்து ஒரு சிறு பங்கைத் தேய்மான நிதியாகக் கூட்டுறவு வங்கியில் சேர்த்து வருக. ஒரு பருவத்தின் குறிப்பேட்டைப் படித்த பின் இரண்டாவது பரிசலைப் பற்றிப் பேசுக. அப்போது வாதம் குறைந்து கணக்கே பேசும்.

தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளருக்கும், ஏர் பிடிக்கும் உழவருக்கும் இதில் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக் கூடும். ஏரி நிறைந்தால் மூவர் வீட்டிலும் அடுப்பு எரிகிறது. ஏரி வறண்டால் மூவர் வீட்டிலும் அணைகிறது. அதைவிட நெருங்கிய தொடர்பு வேறு எது?

நாம் கரையை விட்டுப் புறப்படும்போது, அந்தப் பெரியவர் தம் பரிசலைக் கவிழ்த்து இரண்டு கற்களின் மேல் வைத்தார். பின்னர் அடியில் கையால் தடவிப் பார்த்தார். சிறு கிழிசல் ஒன்று விரலில் தட்டுப்பட்டது போலும். பேரனை அழைத்துத் தார் எடுத்துவரச் சொன்னார். "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாமே, ஐயா" என்றோம். "நாளைக்கு நான் தண்ணீரில் இருப்பேனே, ஐயா" என்றார் அவர்.